கம்பியில் தட்டாத கல்

“வரமாட்டார்னா வரமாட்டார். உன் புருஷன் காலைப் பிடிக்கணும்னு எங்க வீட்டுக்காரருக்கு என்ன தலையெழுத்தா?”

“தலையெழுத்து இல்ல பார்டா, தெரு வழக்கம். நாளைக்கு உன் வீட்டுல ஒரு சாவு விழுந்தா தூக்குறதுக்கு என் வீட்டு ஆளு வரணுமா, வேண்டாமா?”

“உன் வீட்டு ஆளா? அவரைத் தூக்கவே ஆளு வேணும் போலிருக்கு. அவரு எங்க வந்து தூக்குறது?”

ரொட்டிக்காரர் ரையரின் மனைவி ஹில்லாவும், அடுத்த வீட்டுப் பீப்பாய்க்காரர் ஹார்மனின் மனைவி பார்டாவும் அவரவர் வாசலில் நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, கால்வாயின் இரண்டு கரையிலும் பெண்கள் வாசற்படி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரே படியை நாலு தடவை தேய்த்தாள். அன்றைக்கு நம் தெருப் படிகள் மின்னியதுபோல ஈஸ்டர் பண்டிகைக்குக்கூட மின்னியதில்லை.

நம் டச்சு நாட்டு ஆரஞ்சு வம்சத்து இளவரசர் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்துக்கு ராஜாவான மறு வருஷம், நவம்பர் மாதம். ரையருக்கு உடம்பில் கல். முதுகில் விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, பக்கவாட்டில் சுற்றி, தொடையிடுக்கு வரை இறங்கும் வலி. அது வந்துவிட்டால் மனிதரால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. மாவு மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். சிறுநீர் பீட்ரூட் வெந்த தண்ணீர் நிறத்தில் போகும். இதெல்லாம் தெருவுக்கு எப்படித் தெரியும் என்றால், பானையை எல்லோரும் கொட்டுவது அதே கால்வாயில்தானே.

கல் அறுக்கும் யோஸ்ட் வைத்தியர் வருஷத்துக்கு இரண்டு தடவை ஹார்லெம் படகில் வருவார். வசந்தத்தில் ஒருமுறை, கால்வாய் உறைவதற்கு முன்னால் ஒருமுறை. மனைவியை இழந்தவர், அறுபதைத் தாண்டியவர், கம்பீரமான மூக்கு. அறுத்தெடுத்த கற்களை ஒரு மரப்பெட்டியில் பஞ்சு போட்டு அடுக்கிவைத்திருப்பார். வாதுமை அளவில், புறா முட்டை அளவில், ஒன்று வாத்து முட்டை அளவில். வாத்து முட்டைக்காரர் பிழைக்கவில்லை. கல் மட்டும் நல்ல வடிவமாக இருந்தது.

அவர்தான் செவ்வாய்க்கிழமை ரையரின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சிறுநீர்ப்பையில கல் உக்காந்திருக்கு. வியாழக்கிழமை எடுத்துடலாம். சனிக்கிழமை எனக்குப் படகு. அதை விட்டா ஐஸ் உடைஞ்சு ஏப்ரல்லதான்.”

“ஏப்ரல் வரைக்கும் தாங்குவாரா, வைத்தியரே?” என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஹில்லா கேட்டாள்.

வைத்தியர் பதில் சொல்லாமல் பையைக் கட்டினார். ஹில்லா அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

நம் தெருவில் சாவு என்றால் இடப்பக்கம் இரண்டு வீடு, வலப்பக்கம் இரண்டு வீடு, நாலு வீட்டு ஆண்கள் பெட்டி தூக்க வேண்டும். கல் அறுப்பு என்றாலும் அதே நாலு பேர்தான் கை காலைப் பிடிக்க வேண்டும். “எப்படிப் பார்த்தாலும் அதே ஆளுங்கதான். ஒரு வாரம் முன்னே பின்னே” என்பார் மெழுகுவத்திக்கார லுப்பர்ட். நாலு பேர் நிற்காமல் எந்த வைத்தியரும் கத்தியைத் தொடமாட்டார். ஒரு கால் உதறினால் கத்தி எங்கே போகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மூன்று பேர் தயார். வலப்பக்கம் கசாப்புக்கார வௌட்டர், அவரை அடுத்துக் கோயில் மணியடிக்கிற மைண்டர்ட். இடப்பக்கம் இரண்டாவது வீட்டு லுப்பர்ட். நாலாவது ஆள் ஹார்மன். அங்கேதான் முள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் மீன் சந்தையில் நாற்பது பேர் நடுவே ரையர் ஒரு பேச்சுப் பேசிவிட்டார்: “ஹார்மன் பீப்பாயும் அவன் பொண்டாட்டி வாயும் ஒண்ணு. ரெண்டும் ஒழுகும்.” எல்லோரும் சிரித்தார்கள். ஹார்மன் பலகையை விரலால் தட்டியே அது எத்தனை வருஷத்து ஓக் மரம் என்று சொல்லக்கூடியவர். மூடிய பீப்பாயைத் தட்டி உள்ளே பீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காதாலேயே காட்டுவார். அன்றிலிருந்து ரையர் வீட்டோடு பேச்சில்லை. ‘பக்கத்து வீட்டம்மா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், ஹில்லாவைப் பார்த்தால் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போவார்.

பார்டாவோடு கத்திப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் ஹில்லா கைகளை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு நேரே ஹார்மன் பட்டறைக்குள் போனாள். அவர் பீப்பாய்க்கு இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

“அவரு பேசினது தப்பு. நான் ஒத்துக்கறேன்” என்றாள் ஹில்லா. “வியாழக்கிழமை நீங்க வரலைன்னா அறுக்கமாட்டாங்க. அறுக்கலைன்னா அவரு ஏப்ரலைப் பாக்கமாட்டாரு.”

இரண்டு அடி அடித்தார். சுத்தியைக் கீழே வைத்தார்.

“காலைப் பிடிக்கிறேன். ஆனா ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

“நீங்க பேசவே வேண்டாம். விடாமப் பிடிச்சாப் போதும்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. விடாமல் பிடிப்பாரா? கத்தி இறங்குகிற நொடியில் கை கொஞ்சம் தளர்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இதைத் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள், சொன்னவள் ஒருத்திதான். பார்டாவின் அக்கா வெண்டெலா, மீன் விற்கிற விதவை. அவள் பாலத்தில் நின்று ‘ஹெர்ரிங்’ என்றால் ஏரியில் போகிற படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். “ஹில்லா, பயப்படாதே, என் தங்கச்சி புருஷன் காலை விட்டுடமாட்டாரு” என்று அவள் ஆறுதல் சொன்னது மூன்று தெருவுக்குக் கேட்டது. ரையருக்கும் கேட்டது.

“அவன் வேண்டாம்” என்றார் ரையர் படுக்கையிலிருந்து. “காலை நீயே பிடி.”

“நூறு ராத்தல் மாவு மூட்டையைத் தூக்குற காலு உங்களுது. உதைச்சா நான் அடுப்புக்குள்ள விழுவேன். பேசாமக் கிடங்க.”

வியாழக்கிழமை காலை பத்து மணி. மாவு பிசைகிற மேசைதான் வீட்டிலேயே நீளமானது. அதைத் துடைத்து, ஜன்னலோரம் இழுத்து, ரையரைக் கிடத்தி, மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துத் தோல் வாரால் கட்டினார்கள். (அதன்பிறகு அந்த மேசை ரொட்டியை வாங்குவதா வேண்டாமா என்று தெரு ஒரு மாதம் யோசித்தது. வாங்கியது, வேறு ரொட்டிக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம்.) பெண்கள் வெளியே போக வேண்டும் என்றார் வைத்தியர். “மேசை என்னோடது” என்று ஹில்லா அங்கேயே நின்றாள். ரையர் வாயில் மரக்கரண்டியைக் கொடுத்தார்கள். வௌட்டர் வலது தோள், மைண்டர்ட் இடது தோள், லுப்பர்ட் வலது கால். ஹார்மன் கடைசியாக வந்து, யாரையும் பார்க்காமல், இடது முழங்காலைத் தன் விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

முதலில் கத்தி இல்லை, கம்பி. சிறுநீர் வரும் பாதை வழியே உள்ளே விடுகிற வளைந்த வெள்ளிக் கம்பி. அதன் நுனி கல்லில் பட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். வைத்தியர் கேட்டால் போதாது, பிடிக்கிறவர்களும் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி.

கம்பி இறங்கியது. ரையர் கரண்டியைக் கடித்த சத்தம் ஹில்லாவுக்குத் தன் பல்லிலேயே கேட்டது. வைத்தியர் கம்பியை மெதுவாக இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். அடுப்பில் கரி ஒன்று சரிந்தது. வைத்தியரின் முகம் மலர்ந்தது.

“இதோ. கேட்டீங்களா?”

“கேட்டுது” என்றார் வௌட்டர்.

“கேட்டுது” என்றார் லுப்பர்ட்.

மைண்டர்ட் இருவர் வாயையும் பார்த்துவிட்டு, “கேட்டுது” என்றார்.

வைத்தியர் கம்பியை உருவித் தட்டில் வைத்தார். அவர் கை கத்திப் பக்கம் போனபோது ஹார்மன் சொன்னார்:

“கேக்கல.”

ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றவர் பேசிய முதல் வார்த்தை. ரையர் கரண்டியைத் துப்பினார்.

“பழி வாங்குறான். ஹில்லா, இவன் பழி வாங்குறான். வைத்தியரே, நீங்க அறுங்க.”

“ஹார்மன், மூணு பேரு கேட்டிருக்கோம்ல?” என்றார் வௌட்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“நான் கேக்கல.”

நம் ஜனங்களைப் பற்றி ஹில்லாவுக்குத் தெரியும். நோயாளி வீட்டில் வைத்தியர் ‘கேட்டீங்களா’ என்றால் ‘கேட்டுது’ என்பது, பாதிரியார் முடித்ததும் ‘ஆமென்’ என்பது மாதிரி. வாயிலிருந்து தானாக வரும். மறுத்துப் பேசுவது மரியாதையில்லை.

“வௌட்டர், என்ன மாதிரி சத்தம்?” என்றாள்.

“அது... கரண்டி கோப்பையில பட்ட மாதிரி.”

“லுப்பர்ட்?”

“கதவுல விரலால தட்டின மாதிரி. மெதுவா.”

“மைண்டர்ட்?”

“எனக்கு டாங்குன்னு கேட்டுச்சும்மா.”

மைண்டர்டுக்கு இருபது வருஷமாக எல்லாமே டாங் என்றுதான் கேட்கிறது.

வைத்தியர் இதற்குள் அவர்களுக்கு முதுகைக் காட்டி, கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை பேச்சுக்கும் திரும்பவில்லை. ஹில்லாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. ஏப்ரல் வரை தாங்குவாரா என்று கேட்டதற்கு வராத பதில். அன்றும் அவர் முதுகுதான் தெரிந்தது.

அவள் இரண்டடி முன்னால் போய், சாதாரணக் குரலில் சொன்னாள்: “வைத்தியரே, உங்க கால்சட்டை பின்னால கிழிஞ்சிருக்கு.”

அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வைத்தியரே, அடுப்பு தீப்பிடிச்சுக் கூரை எரியுது.”

அவர் கத்தியின் முனையை வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி நாலு முகங்களையும் கண்டபோதுதான் அவர் முகம் மாறியது.

“என்ன?” என்றார்.

நாலு பேரும் அவர் காதைப் பார்த்தார்கள். வைத்தியர் கத்தியைத் தட்டில் வைத்தார்.

“முப்பத்திரெண்டு வருஷம் இதே தொழில்” என்றார். குரல் கொஞ்சம் அதிகமாகவே ஓங்கியிருந்தது. அதுவரை அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தார்கள். “காது எதுக்கு? என் விரலுக்குக் கேக்கும்.”

ஹில்லா அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியச் சொன்னாள்: “மறுபடி கம்பி போடுங்க. ஹார்மன் காது வெச்சுக் கேக்கட்டும்.”

“அவனா?” என்று ரையர் அலறினார். அவரை யார் கேட்டார்கள்?

கம்பி மறுபடி இறங்கியது. ஹார்மன் மண்டியிட்டு, கம்பியின் பிடிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய், ஒரு கையை ரையரின் அடிவயிற்றில் பரப்பி வைத்தார். பதினாலு மாதம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவர்கள். பாலத்திலிருந்து வெண்டெலா, “என்னடி ஆச்சு, இன்னும் கத்தவே காணோம்?” என்றாள். லுப்பர்ட் ஒரு கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினார். ஹார்மன் கண்ணை மூடிக்கொண்டார். “இடப்பக்கம் சாயுங்க” என்றார். சாய்த்தார்கள். “வலப்பக்கம்.” சாய்த்தார்கள். “இடுப்பைத் தூக்குங்க.” மாவு மூட்டை ஒன்றை அடியில் வைத்தார்கள். வைத்தியரின் கம்பி ஒவ்வொரு மூலையையும் தடவியது.

ஹார்மன் எழுந்தார்.

“தண்ணி இருக்கு. கல் இல்ல.”

“சில கல் மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும்” என்றார் வைத்தியர், அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு. “நான் சனிக்கிழமை போயிடுவேன். அப்புறம் அஞ்சு மாசம் இந்தப் பக்கம் கத்தி கிடையாது. வேண்டாம்னா பொறுப்பு உன்னோடதும்மா.”

“ஹில்லா” என்றார் ரையர். அழுதுகொண்டிருந்தார். “என்னால முடியல. அறுக்கச் சொல்லு.”

ஹில்லா ஹார்மனைப் பார்த்தாள். “நீங்க பொய் சொல்றீங்கன்னா இவரு செத்துடுவாரு.”

“தெரியும்.”

“நெசம் சொன்னாலும் செத்துடலாம்.”

“அதுவும் தெரியும். வெறும் வயித்தை அறுத்துச் சாகமாட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவள் குனிந்து இடது கணுக்காலின் வாரை அவிழ்த்தாள்.

தெரு என்ன சொல்லியிருக்கும் என்று சொல்லவேண்டுமா? எதிரி பேச்சைக் கேட்டுப் புருஷனைக் கொல்லப்போகிறாள் என்றது. நேரில் மட்டும் “கடவுள் இருக்காரும்மா” என்று சொல்லி, கறுப்பு ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு போனது. வைத்தியர் சனிக்கிழமை படகேறினார். அடுத்த வாரமே கால்வாய் உறைந்தது. பிள்ளைகள் சறுக்கத் தொடங்கினார்கள். ஜன்னல் வழியே பனிக்கட்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஹில்லாவுக்கு அது மூடிய கதவு மாதிரித் தெரிந்தது.

வலி நின்றபாடில்லை. வந்தது, போனது, முன்னைவிடக் கீழே இறங்கி வந்தது. ரையர் இளைத்துப்போனார். மோரைத் தவிர எதுவும் தங்கவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார், பேசினால் ஒரே வாக்கியம்தான்: “நீதான் அவுத்துவிட்டே.”

சுவருக்கு அந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. “அவரு செத்தா இந்தத் தெருவுல நாம தலை காட்ட முடியுமா? கேக்கலைன்னா கேட்டுதுன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே, ஊரே சொல்லுதே?” என்று பார்டா கத்துவது இரவு பகலாகக் கேட்டது. ஹார்மன் பதில் சொன்னதாகக் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் ஹில்லா கவனித்தாள். ரையர் முனக ஆரம்பித்ததும் பட்டறையில் சுத்தி நின்றுவிடும். முனகல் அடங்கும்வரை அடி விழாது.

பதினேழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானப் பிரசங்கம் முடிந்த நேரம். அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை என்பதுபோல் ஒரு வலி. ரையர் பொதுச்சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். வேர்வை சொட்டியது. ஹில்லா ஒரு கையால் அவர் இடுப்பைத் தாங்கி, மறு கையால் வெள்ளீயப் பானையைப் பிடித்திருந்தாள். சிறுநீர் வரவில்லை. சொட்டாக வந்தது. நின்றது. ரையர் ஒரு மிருகம் போலச் சத்தம் போட்டார். போகப்போகிறார் என்று ஹில்லா நினைத்தாள். நான்தான் அவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தாள்.

டிக்.

பானையின் அடியில். அவ்வளவு சின்னச் சத்தம். அதைத் தொடர்ந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு கேட்டது.

“விழுந்துடுச்சா, பக்கத்து வீட்டம்மா?”

ஹில்லா பானையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “விழுந்துடுச்சு, பக்கத்து வீட்டுக்காரரே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பானையை வடிகட்டிப் பார்த்தால், பார்லி அரிசி அளவுகூட இல்லை. பழுப்பு நிறம், சுற்றிலும் முள் முள்ளாக. எந்தச் சல்லடையில் வடிகட்டினாள் என்று தெரு இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறது. கசாப்புக்கார வௌட்டர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, “இது குண்டிக்காய்க் கல்லு, சிறுநீரகத்துல வர்றது. மாட்டுக்கும் இப்படித்தான் இருக்கும். பித்தப்பைக் கல்லுன்னா வழவழன்னு மஞ்சளா இருக்கும், சிறுநீர்ப்பைக் கல்லுன்னா உருண்டையாப் பெருசா இருக்கும். இது மேல பொறந்து கீழ இறங்கி வந்திருக்கு. அன்னைக்கு வந்து சேரல, பாதி வழியில நின்னிருக்கு” என்றார்.

“இவ்வளவு தெரிஞ்சவரு அன்னைக்கு ஏன் கேட்டுதுன்னு சொன்னீங்க?” என்றாள் ஹில்லா.

“வைத்தியர் கேட்டாரேம்மா. எப்படி இல்லைன்னு சொல்றது?”

ரையர் அந்தக் கல்லை ஒரு வெள்ளிச் சிமிழில் போட்டு, கடையில் பிஸ்கட் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். சிமிழைத் திறக்க மட்டும் விடமாட்டார். திறக்காதவரை அது புறா முட்டை அளவுதான். முதல் சந்தை நாளில் மீன் சந்தைக்கு நடந்து போய், நாற்பது பேர் நடுவே நின்று, “ஹார்மன் பீப்பாய் ஒழுகாது” என்று சொன்னார். பார்டாவின் வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்டா அதைக் கவனித்தாள். ஆனாலும் ரையர் சனிக்கிழமை தோறும் இனாமாகக் கொடுத்தனுப்பும் ரொட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

ஏப்ரலில் ஐஸ் உடைந்ததும் யோஸ்ட் வைத்தியர் வந்தார், கத்திப்பை இல்லாமல். ஹில்லாவைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். ஹார்மனிடமும் ஏதோ சொல்ல நினைத்துப் பட்டறை வாசல்வரை போனவர், சொல்லாமல் பாலத்துப் பக்கம் திரும்பினார். பாலத்தில் வெண்டெலா ஹெர்ரிங் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் கூவியதும் மனிதர் சட்டென்று நின்று, வருஷக்கணக்கில் கேட்காததைக் கேட்டவர் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு ஆறு மீன் வாங்கினார். மறுநாளும் ஆறு. விடுதியில் சாப்பிடுகிற ஒற்றை ஆளுக்கு ஆறு மீன் எதற்கு என்று நாம் கேட்டபோதே கதை முடிந்துவிட்டது.

ஜூன் மாதம் கல்யாணம். சம்மதமா என்று பாதிரியார் கேட்டதை மணமகள்தான் மணமகனுக்குத் திருப்பிச் சொன்னாள். கோயிலுக்கு வராதவர்களும் அதைக் கேட்டார்கள். இருவரும் ஹார்லெமுக்குப் போய்விட்டார்கள். அவர் இப்போது பல் பிடுங்குகிறாராம். அதற்குக் காது கேட்காமலிருப்பதே நல்லது என்கிறார்கள்.

வெண்டெலா போனதிலிருந்து தெரு ரொம்ப அமைதி. ஒரு சங்கதி தெரிய வேண்டுமென்றால் இப்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்ட வேண்டியிருக்கிறது.